தீனி எடுக்குதா?

பயந்த உயிரும் நோயுற்ற உயிரும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருக்கின்றன. மூலையில் ஒடுங்கி, முதுகைக் கூட்டி, முன்னால் வைத்த கீரையைத் திரும்பியும் பார்க்காமல். எள்ளும் பொரியும் வீட்டுக்கு வந்த புதிதில், இது பயமா நோயா என்று பார்த்துப் பார்த்தே இரவுகள் போயின.

இரண்டும் பெண் கினிப் பன்றிகள். வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் வளர்க்க ஆள் தேடியபோது வாங்கிக்கொண்டோம். கறுப்பும் வெள்ளையுமாக மயிர் கலந்து கிடப்பது எள்ளு. முழு வெள்ளை பொரி. பெயர் வைத்தது மகள்.

இரையாகவே பிறந்து வளர்ந்த இனம் இது. கூட்டத்தில் தளர்ந்து நிற்பதைத்தான் பருந்தும் நரியும் முதலில் தூக்கும். தளர்ச்சியை வெளியே காட்டாத உடல்கள்தான் தலைமுறை தலைமுறையாகத் தப்பி வந்திருக்கின்றன. வலித்தாலும் பெரும்பாலும் கத்தாது. நம் கண்ணுக்கு ஏதாவது தெரியும்போது நோய் பாதி தூரம் போயிருக்கும். இதோடு இடம் மாறிய மிரட்சியும் சேர்ந்துகொள்கிறது. புது வாசனை, புதுக் குரல்கள், மிக்சியின் இரைச்சல், தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறி. அவை நலமா என்று நாம் மிகவும் அறிய விரும்பும் அந்த முதல் வாரங்களில்தான் அவை தம்மை முழுதாக மறைத்துக்கொள்கின்றன.

*

அம்மா திருத்துறைப்பூண்டிப் பக்கம் மாடுகளோடு வளர்ந்தவள். கூண்டுக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"காது தொங்கலை. கண்ணுல பீளை இல்லை. ஆனா மூக்கு காஞ்சு கெடக்கே தம்பி."

மாட்டுக்கு மூக்கு நனைந்து, முத்து முத்தாக வேர்த்திருக்க வேண்டும். காய்ந்தால் காய்ச்சல் என்று அர்த்தம். கினிப் பன்றிக்கு நேர்மாறு. மூக்கு உலர்ந்திருப்பதுதான் சுகம், நனைந்திருந்தால் நுரையீரலைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். சொன்னேன். "அப்ப இதுக்கு இதோட கணக்கு" என்று ஒப்புக்கொண்டாள்.

அவளுடைய மற்ற கணக்குகள் எல்லாம் அப்படியே பொருந்தின. மயிர் படிந்திருக்கிறதா, சிலிர்த்து நிற்கிறதா. வயிறு மெத்தென்று இருக்கிறதா, தட்டினால் கொட்டுச் சத்தம் கேட்கிறதா. எல்லாவற்றுக்கும் மேலாகப் புழுக்கை. விரித்த செய்தித்தாளிலிருந்து ஒன்றை எடுத்து நகத்தால் உடைத்தே பார்த்துவிட்டாள். ஒரே அளவில், நீளவாக்கில் உருண்டு, உள்ளே புல்லின் நார் தெரிய இருந்தது. அளவு சிறுத்துக்கொண்டே போனால் தீனி குறைகிறது. மயிரில் கோத்ததுபோல் தொங்கிக்கொண்டு வந்தாலும், இளகிப்போய்ப் பின்புறம் ஒட்டிக்கொண்டாலும் குடலில் கோளாறு.

"மாடு அசை போடும். இது என்ன பண்ணும்?"

இதற்கும் ஒரு வழி உண்டு. புழுக்கையில் இன்னொரு வகை இருக்கிறது. மென்மையானது, சத்து நிறைந்தது. அதைத் தரையில் விழவிடாமல் குனிந்து வாயால் நேரே எடுத்துத் தின்றுவிடும். குடலின் நுண்ணுயிர்கள் ஆக்கிய பி வைட்டமின்களும் புரதமும் இரண்டாம் சுற்றில்தான் உடம்பில் சேர்கின்றன. முதல் தடவை பார்க்கிறவர்கள் அருவருப்பார்கள் என்று தயங்கிச் சொன்னேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். புல்லில் உயிர் வாழ்கிற ஜீவனுக்கு ஒரு தடவை மென்றால் போதாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

*

"தீனி எடுக்குதா சார்?"

கால்நடை டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான். வயது என்ன, எங்கிருந்து வந்தது எல்லாம் பிறகு.

நாய் ஒரு வேளை சாப்பிடாமல் படுத்தால் பொறுத்துப் பார்க்கலாம். கினிப் பன்றி அரை நாள் வாயைத் திறக்காவிட்டாலே அவசரம்தான். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் அதற்கு ஒரு பெரிய பை இருக்கிறது. அதில் நுண்ணுயிர்கள் ஓயாமல் புல்லை நொதிக்க வைக்கின்றன. மேலிருந்து புல் வந்துகொண்டே இருந்தால்தான் குடல் நகரும். வரத்து நின்றால் நகர்ச்சி நிற்கிறது, வாயு சேர்கிறது, வலிக்கிறது, வலியால் இன்னும் தின்ன மறுக்கிறது. எந்த நோயாக இருந்தாலும் கடைசியில் உயிரை எடுப்பது பல நேரம் இந்தச் சுழல்தான்.

டாக்டர் ஒரு துண்டை மேசையில் விரித்து எள்ளை அதன்மேல் வைத்தார். ஒரு கை மார்புக்கடியில், இன்னொரு கை பின்புறத்துக்கடியில். கால்கள் அந்தரத்தில் தொங்கவே இல்லை. கண், காது, மூக்கு, தாடையெலும்பின் ஓரம், வயிறு, பாதத்தின் அடிப்புறம், நகம் என்று ஒவ்வொன்றாக விரலால் வாசித்துக்கொண்டு போனார். முன்பற்களைக் காட்டினார். இந்த விலங்குக்கு மொத்தம் 20 பற்கள். அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. நார்ப்புல்லை இடவலமாக அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். மென்மையான தீனியே தின்று வளர்ந்தால் கடைவாய்ப் பல் உள்பக்கமாகச் சாய்ந்து நாக்கின்மேல் பாலம் கட்டிவிடும். அப்போது பசியோடு ஓடி வரும், இலையை வாயில் எடுக்கும், கீழே போட்டுவிட்டு நிற்கும். "சாப்பாட்டுகிட்ட வருதான்னு பார்த்தா பத்தாது சார், முழுங்குதான்னு பாருங்க" என்றார்.

காதுக்குப் பின்னால் மயிரே இல்லாமல் தோல் பளிச்சென்று தெரிந்தது எங்களைப் பயமுறுத்தியிருந்தது. எல்லாக் கினிப் பன்றிக்கும் அங்கே வழுக்கைதானாம். மற்ற இடத்தில் மயிர் கொட்டினால்தான் சொறிப் பூச்சியையும் படர்தாமரையையும் நினைக்க வேண்டும். சொறிப் பூச்சி தோலுக்குள் துளைத்துப் போவது. அரிப்பு தாங்காமல் வலிப்பு வந்ததுபோல் துடிக்கும். படர்தாமரை பெரும்பாலும் முகத்தில் தொடங்கும், தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் தொற்றும்.

தும்மலைப் பற்றி நான்தான் கேட்டேன். காய்ந்த புல்லின் தூசிக்கு ஒன்றிரண்டு தும்மல் வரலாம். கண் ஒட்டிக்கொண்டு, மூக்கு நனைந்து, மூச்சில் கறகறப்புக் கேட்டால் அன்றே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். வீட்டில் நாய், முயல் உண்டா என்று விசாரித்தார். அவற்றின் மூச்சுக்குழலில் தொந்தரவில்லாமல் குடியிருக்கும் பாக்டீரியா ஒன்று கினிப் பன்றிக்கு நிமோனியாவைக் கொடுத்துவிடும். முயலையும் இதையும் ஒரே கூண்டில் வைத்து விற்கும் கடைகளைக் கடக்கும்போதெல்லாம் இப்போது மனம் பதறுகிறது.

*

நள்ளிரவு. எள்ளின் கண்ணில் பால் போன்ற வெள்ளைத் திரவம் திரண்டு நின்றது. கண் புரையோடிவிட்டது என்றுதான் நினைத்தேன். விளக்கைப் போடாமல், தெருவிளக்கு வெளிச்சத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னங்கால்கள் இரண்டும் எழுந்தன. அந்தத் திரவத்தைப் பாதங்களில் தடவிக்கொண்டு, நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் வேகவேகமாக வழித்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு கண் பழையபடி கறுத்துத் தெளிந்துவிட்டது. முகம் கழுவிக்கொண்டிருக்கிறது. அதற்கான நீர் கண்ணிலேயே சுரக்கிறது. இந்த வீட்டில் அது முகம் கழுவி நான் பார்த்தது அப்போதுதான். பயந்து உறைந்த விலங்கு முகம் கழுவாது.

*

சமையலறைத் தராசை இவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டோம். எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு பழைய துணி, அதன்மேல் கொத்தமல்லித் தழை நாலு. தின்று முடிப்பதற்குள் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த கினிப் பன்றி 700 கிராமிலிருந்து 1200 வரை இருக்கும். நலமாக இருப்பதை வாரம் ஒரு தடவை நிறுத்தால் போதும், புதிதாக வந்ததைத் தினமும் நிறுக்கச் சொல்கிறார்கள். எப்போதும் ஒரே நேரத்தில். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் ஓர் எண், காலியாக இருந்தால் ஓர் எண் என்று இருபது முப்பது கிராம் ஏறி இறங்குவது சகஜம். ஒரே திசையில் சரிந்துகொண்டே போவதுதான் கவனிக்க வேண்டியது.

எள்ளு: 812, 806, 820, 824.

பொரி: 748, 741, 733, 735, 722.

இரண்டும் ஒரே மூலையில், ஒரே மாதிரி முதுகைக் கூட்டி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தன. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. எள்ளு மிரண்டிருக்கிறது, பொரி கூச்சப்படுகிறது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். தராசு வேறு சொன்னது.

டாக்டர் பொரியின் பின்னங்காலை மெல்ல மடக்கியபோது அது கிறீச்சிட்டது. அதன் குரலையே நாங்கள் அப்போதுதான் கேட்டோம். முழங்கால் மூட்டு இரண்டும் லேசாக வீங்கியிருந்தன. என்ன தின்று வளர்ந்தது என்று கேட்டார். வெள்ளரிக்காய், ரொட்டி, எப்போதோ திறந்த பையிலிருந்து தீவனம். முந்தைய வீட்டில் அன்பாகத்தான் வளர்த்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் குழந்தை அழுதுகொண்டேதான் கூண்டைக் கையில் கொடுத்தாள். ஆனால் தீனியிலிருந்தே கிடைத்தாக வேண்டிய வைட்டமின் சி வெள்ளரியில் பேருக்குத்தான் இருக்கிறது. தீவனத்தில் சேர்த்ததும் தயாரித்த சில மாதங்களிலேயே அழிந்துவிடும். எள்ளும் அதையே தின்று தாக்குப்பிடித்தது, பொரியால் முடியவில்லை. நகராமல் உட்கார்ந்திருந்தது கூச்சத்தால் அல்ல. நகர்ந்தால் வலித்தது.

வைட்டமின் சொட்டு மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாக விட்டுவந்தோம். தண்ணீர் பாட்டிலில் கலக்கக் கூடாது. வெளிச்சம் பட்டுச் சீக்கிரம் சிதைந்துவிடும், சுவை மாறினால் தண்ணீரையே குடிக்காமல் விட்டுவிடும். ஒரு வாரம் போல ஆகியிருக்கும். மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பொரி கூண்டின் நடுவில், வாணலியில் பொரி துள்ளுவதுபோல, நாலு காலும் தரையை விட்டு எழும்பித் துள்ளியது. ஆனந்தம் வந்தால் இவை செய்கிற காரியம் அது.

"அப்பா, பார்த்தீங்களா!"

பார்த்தேன்.

*

ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிஷ். இந்த இரண்டு பெயர்களையும் இங்கே எழுதி வைக்கத் தோன்றுகிறது. நார்வேக்காரர்கள். இன்று ஓஸ்லோ எனப்படும் நகரில் வேலை செய்தவர்கள். கப்பல் மாலுமிகளுக்கு வந்த பெரிபெரி போன்ற ஒரு நோயின் காரணத்தைத் தேடிக் கினிப் பன்றிகளுக்குத் தானியமும் ரொட்டியும் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். வந்தது பெரிபெரி அல்ல, ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாமல் வருவது, பொரியைப் பிடித்ததும் அதுதான். பல் ஆடியது, எலும்பு நொய்ந்தது, மூட்டுகளில் இரத்தம் கசிந்தது. முட்டைக்கோஸோ எலுமிச்சைச் சாறோ கொடுத்தால் தேறின. 1907-இல் இதை வெளியிட்டார்கள். நூற்றாண்டுகளாக மாலுமிகளைக் கொன்ற நோயை ஒரு விலங்கில் உண்டாக்கிக் காட்டியது அதுவே முதல் முறை.

எலியில் செய்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. எலி, ஆடு, மாடு, நாய் எல்லாம் தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தம் ஈரலிலேயே செய்துகொள்கின்றன. அந்தச் செய்முறையின் கடைசிப் படிக்குரிய நொதி மனிதனுக்கு இல்லை, குரங்குகள் பலவற்றுக்கு இல்லை, கினிப் பன்றிக்கும் இல்லை. பரிணாமத்தின் வெவ்வேறு கிளைகளில், தனித்தனியே நேர்ந்த ஒரே இழப்பு. 1932-இல் ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜியும் ஜோசப் ஸ்விர்பெலியும் ஸ்கர்வியைத் தடுக்கும் பொருள் எதுவென்று உறுதிசெய்தது கினிப் பன்றிகளைக் கொண்டுதான். சென்ட்-ஜார்ஜிக்கு 1937-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரிலும், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் சத்துக்குறை நோய் ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் மெக்கரிசன், புறா, குரங்குகளோடு கினிப் பன்றிகளையும் வைத்துத்தான் வேலை செய்தார்.

கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம். இவ்வளவுதான் தேவை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. விரல் நுனியளவு துண்டே கணிசமாகக் கொடுத்துவிடும், சர்க்கரை இருப்பதால் அதற்கு மேல் வேண்டாம். குடைமிளகாய் இன்னும் நல்லது, சிவப்பு நிறத்ததில் கூடுதல். நெல்லிக்காயை எள்ளு முகர்ந்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு போய்விட்டது. முருங்கைக்கீரையைக் கண்டால் இரண்டும் பாய்கின்றன. ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் சேரும். பாலக் கீரையும் அப்படியே.

இவையெல்லாம் மேலுக்குத்தான். உயிர் புல்லில் இருக்கிறது. இறக்குமதியாகும் திமோத்தி உலர்புல் நல்லதுதான், விலைதான் கட்டுப்படியாகாது. தெருமுனைப் பிள்ளையார் கோயில் பூக்காரம்மாவிடம் அருகம்புல் கட்டு சொல்லி வைத்திருக்கிறோம். மருந்து அடித்ததா, நாய் திரிகிற இடத்தில் அறுத்ததா என்று அவரிடமே கேட்டுவிடலாம், பதில் நேராக வரும். அலசி, துணியில் பரப்பி ஈரம் போனபின் கொடுக்கிறோம். குதிரைமசால் கறவை மாட்டுக்கு அருமையான தீவனம் என்று அம்மா எடுத்துக் கொடுத்தாள். குட்டிக்கும் சினைக்கும் அது சரி. வளர்ந்ததற்கு அதிலுள்ள சுண்ணாம்பும் புரதமும் மிகுதி.

அருகம்புல் ஒன்று உள்ளே போகும் விதத்தைப் பார்க்க வேண்டும். நுனியை உதடு பிடிக்கிறது. பிறகு கை எதுவும் தொடாமல், பச்சைக் கோடு ஒன்று சீரான வேகத்தில் வாய்க்குள் குறைந்துகொண்டே வருகிறது. தாடை பக்கவாட்டில் ஓடும் ஓசை மட்டும். நறுக், நறுக், நறுக். இந்த ஓசை கேட்கிறவரை கவலைப்பட ஒன்றுமில்லை.

*

ஆண்டஸ் மலை வைத்தியத்தில் ஒரு முறை உண்டு. நோயாளியின் உடம்பு முழுக்க உயிருள்ள கினிப் பன்றி ஒன்றைத் தேய்ப்பார்கள். பிறகு அதை அறுத்து, உள்ளுறுப்புகளைப் பார்த்து, நோயாளிக்கு எங்கே என்ன கோளாறு என்று சொல்வார்கள். அந்த மலைகளில் இது பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்கிறது. சமையலறைத் தரையில் ஓடித் திரியும், உணவுமாகும், நோயைக் காட்டும் ஏடுமாகும்.

நவீன ஆய்வுக்கூடம் செய்ததும் வேறல்ல. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை நிறுவியபோது அதைச் செலுத்திப் பார்த்த விலங்குகளில் முக்கியமானது இது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், ஒருவருக்குக் காசநோயா என்று ஐயம் வந்தால் அவரிடமிருந்து எடுத்ததைக் கினிப் பன்றிக்குச் செலுத்தி, சில வாரம் காத்திருந்து, அறுத்துப் பார்ப்பதே உறுதியான சோதனையாக இருந்தது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம், நோயாளியைச் சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது. அந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக, தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து பிரித்த கிருமிகளில் பல, பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளை விடக் கினிப் பன்றியில் வீரியம் குறைந்திருப்பது 1960-இல் பதிவானது. எங்கள் தாத்தா தலைமுறையின் சளி எந்தெந்த விலங்கின் உடலில் படிக்கப்பட்டதோ.

மலைக் குடிசையிலும் ஆய்வுக்கூடத்திலும் மனிதன் தன் நோயை இதன் உடலில் படித்தான். படித்து முடித்தபோது அந்த உடல் திறந்து கிடந்தது. இப்போது இரவில் உட்கார்ந்து, இதைத் திறக்காமலே, இதன் நோயை இதற்காகவே படிக்க முயல்கிறோம். அதற்குரிய கண் நமக்கு இன்னும் பழகவில்லை. மூவாயிரம் தடவை இதை அறுத்துப் பார்த்தவருக்கும், இது நலமாக உட்கார்ந்திருப்பதற்கும் நலம்போல் உட்கார்ந்திருப்பதற்கும் வேற்றுமை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதைத் தெரிந்துகொள்ள இதோடு வீட்டில் இருக்க வேண்டும்.

*

1940 மே 25, ஆக்ஸ்ஃபோர்டு. பென்சிலினை ஆராய்ந்துகொண்டிருந்த ஃப்ளோரியின் குழு எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, நான்குக்கு மட்டும் பென்சிலின் கொடுத்தது. மறுநாள் காலையில் அந்த நான்கு மட்டும் உயிரோடு இருந்தன. அன்று அந்த மேசையில் கினிப் பன்றி இருந்திருந்தால் பென்சிலின் கொடிய நஞ்சு என்று முடிவாகியிருக்கலாம். 1943-இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள், பென்சிலின் கொடுத்த கினிப் பன்றிகள் செத்துப்போவதை எழுதிவிட்டார்கள்.

காரணம் அந்தக் குடல்தான். புல்லை நொதிக்க வைக்கும் நல்ல பாக்டீரியாவைப் பென்சிலின் துடைத்துவிடும். காலியான இடத்தில் நஞ்சு கக்கும் வேறொன்று பெருகும். வயிற்றுப்போக்கு, சில நாளில் மரணம். பென்சிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் எல்லாம் அப்படித்தான். நம் எல்லார் வீட்டு மருந்துப் பெட்டியிலும் மிச்சம் கிடக்கும் அமாக்சிசிலினும் அந்த வகைதான். குழந்தைக்குச் சளி பிடித்தபோது வாங்கிய இனிப்பு சிரப்பில் இரண்டு சொட்டு கொடுத்தால் சரியாகிவிடுமே என்று நினைக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது. அன்பினாலேயே நேரக்கூடிய சாவு இது. நாய் பூனை மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போக நேர்ந்தாலும், ஊசி போடுவதற்கு முன் இதை ஒரு வார்த்தை நினைவுபடுத்தக் கூச்சப்படத் தேவையில்லை.

*

இரவில் கூண்டை மூடிய துணியை விலக்கி மூச்சு இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். பார்த்தால் மனம் ஆறும், கால் மணி நேரத்தில் மறுபடி தோன்றும். ஆனால் துணி விலகும்போதெல்லாம் மேலிருந்து ஒரு நிழல் விழுகிறது. மேலிருந்து விழும் நிழல் என்றால் அதன் உடம்புக்குப் பருந்துதான். இதயம் ஏற்கெனவே நிமிடத்துக்கு இருநூறு, முந்நூறு தடவை அடிக்கிறது. என் கவலை ஆறுவதற்காக அதன் இதயத்தை இன்னும் விரட்டுவது சரியில்லை.

அதனால் கூண்டைத் தரையிலிருந்து நான் உட்கார்ந்தால் வரும் கண்மட்டத்துக்கு உயர்த்தினோம். கையைப் பக்கவாட்டில் மட்டுமே நீட்டுவது. முதலில் குரல், பிறகு கை, பிறகுதான் தொடுதல். மற்ற நேரத்தில் எதிரே உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பது. பார்க்காமல் பார்ப்பது என்று அம்மா சொல்வாள், கன்று ஈனும் மாட்டுக்குப் பக்கத்தில் அப்படித்தான் இருப்பார்களாம். காதை அங்கே வைத்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் பாட்டில் மூக்கிலுள்ள குண்டு உருளும் சத்தம் வந்தால் தண்ணீர் குடிக்கிறது. பல்லைக் கடகடவென்று அடித்தால் ஒன்றன்மேல் ஒன்றுக்குக் கோபம். குளிர்பதனப் பெட்டி திறக்கும் ஓசைக்கு "வீக், வீக்" என்று கூவத் தொடங்கிய அன்று, இந்த வீட்டில் எந்த ஓசைக்குப் பின்னால் கீரை வரும் என்பதை அவையும் உட்கார்ந்து படித்திருக்கின்றன என்று தெரிந்தது.

*

எள்ளின் எடை ஏறிக்கொண்டே போனது. முந்தைய வீட்டில் ஓர் ஆண் இருந்தது, அதை முன்பே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரியவந்தது. சினை என்றால் மகிழ முடியாத நிலைமை. கினிப் பன்றி முதல் ஈற்றை ஆறேழு மாத வயதுக்குள் ஈன வேண்டும். பிந்தினால் இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிவிடுகிறது. குட்டிகளோ மயிர் மூடி, கண் திறந்து, பல் முளைத்து, பெரிதாகப் பிறப்பவை. வழி விரியாது. தாயும் சாகும்.

சினைக்காலம் 59 நாளிலிருந்து 72 நாள் வரை. ஒன்றும் செய்வதற்கில்லை, காத்திருப்பதைத் தவிர. வயிற்றை அழுத்தித் தேட வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சினை நடை இல்லடா தம்பி இது" என்று அம்மா முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். கெடு தாண்டியது. புல்லைத் தின்று சதை போட்டிருந்தது, வேறொன்றுமில்லை.

*

கத்திரி வெயில். இவற்றுக்கு ஏற்ற வெப்பம் 18 முதல் 24 டிகிரி. முப்பதை நெருங்கினாலே ஆபத்து, ஈரக்காற்று சேர்ந்தால் இன்னும். வேர்க்காது, நாயைப்போல நாக்கை நீட்டி இரைத்துச் சூட்டைத் தள்ளவும் வழியில்லை. சென்னை மே மாதத்தில் இந்த விலங்கை வளர்க்கலாமா என்ற கேள்வியை நான் விட்டுவிடவில்லை. குளிர்ந்த மலைக்குரிய உடல் இது. வந்துவிட்டதை நன்றாக வைத்துக்கொள்வது கடமை. புதிதாக வாங்கப் போகிறேன் என்பவரிடம் முதலில் ஏப்ரல், மே மாதங்களைப் பற்றித்தான் பேசுவேன்.

மொசைக் தரை. படுக்கவைத்த மண்பானை. கூண்டின் ஒரு பக்கத்தில் நனைத்துப் பிழிந்த துண்டு, அதன்மேல் படும்படி மின்விசிறி, விலங்கின்மேல் படாதபடி. மின்சாரம் போனால் துணி சுற்றிய ஐஸ் பாட்டில். தட்டையாகப் படுத்து, எச்சில் வடிந்து, மூச்சு பக்கவாட்டில் குத்தினால் காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

*

கும்பகோணத்தில் கல்யாணம். மாடி வீட்டு அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது:

அக்கா, புல் எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும், தீரவே கூடாது. காலையில் கொத்தமல்லியும் ஒரு துண்டு குடைமிளகாயும். இரண்டும் ஓடி வர வேண்டும். பொரி வராவிட்டால் கூச்சம் என்று நினைக்காதீர்கள், எனக்குப் போன் பண்ணுங்கள், எந்த நேரமானாலும். எள்ளு தட்டைப் பிடுங்கும், அது அதன் குணம். தராசு அடுப்பு மேடையில் இருக்கிறது. பொரி 770-க்குக் கீழே போனால் டாக்டர் எண் நோட்டின் முதல் பக்கத்தில். உங்கள் பையன் தூக்க ஆசைப்பட்டால் தரையில் உட்காரச் சொல்லி மடியில் வையுங்கள், நின்றுகொண்டு வேண்டாம். எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம். தண்ணீர் பாட்டில் மூக்கில் இருக்கும் குண்டு சில சமயம் சிக்கிக்கொள்ளும். பாட்டில் நிறைந்திருக்கும், தண்ணீர் வராது. காலையும் மாலையும் விரலால் ஒரு தட்டுத் தட்டி, சொட்டு விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.